மோன் பிளாங்க் சுற்றுப்பாதை: ஜூன் இறுதியா, செப்டம்பர் தொடக்கமா?

அனைவருக்கும் வணக்கம். பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் வழியாக மோன் பிளாங்க் மலையைச் சுற்றிவரும் ஏறத்தாழ 170 கிலோமீட்டர் பாதையை அடுத்த ஆண்டு மனைவியுடன் 11 நாட்களில் நடந்து முடிக்க எண்ணியுள்ளேன். எந்த மாதத்தில் செல்வது என்பதில்தான் முடிவுக்கு வர இயலவில்லை.

ஜூன் இறுதியில் பகல் நீளம், புல்வெளியெங்கும் பூக்கள். ஆனால் 2,500 மீட்டரைத் தாண்டும் கிராண்ட் கோல் ஃபெரே போன்ற கணவாய்களில் அப்போதும் பனி கிடக்கக்கூடும். முன்பு வேறொரு மலையில், காலையில் கல்லாக இறுகியிருந்த பனிச்சரிவு நண்பகலில் முழங்கால் வரை உள்வாங்கியதை என் மனைவி இன்னும் மறக்கவில்லை (எனக்கு அடிக்கடி நினைவூட்டவும் தவறுவதில்லை). ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பனி பெரும்பாலும் விலகிவிடும் என்றாலும், பிற்பகல் இடிமழையும் கூட்டமும் சேர்ந்துகொள்கின்றன. ஆகஸ்ட் இறுதியில் மலையடிவார நகரமான ஷமோனியில் மலை ஓட்டப் பந்தயம் வேறு.

ஆகவே செப்டம்பர் முதல் வாரத்தையே மனம் நாடுகிறது. அந்த வாரத்தில் நடந்தவர்கள் இருந்தால், இரவுக் குளிர் எப்படி இருந்தது, புதுப்பனி வழிமறித்ததா, மலை விடுதிகளில் படுக்கைகளை எத்தனை மாதங்களுக்கு முன்பே பதிவு செய்தீர்கள் என்பதைத் தெரிவித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.