அப்பா வருமான வரி (ஐடி) ரிட்டர்ன் போட்டதே இல்லை. படிப்புக்குப் பணம் கேட்டுப் போன அனுபவம் யாருக்கு இருக்கு?

டீக்கடைப் பையன்:
2017. கவுன்சிலிங்ல சீட் கிடைச்சாச்சு. முதல் பட்டதாரி சலுகை போக மீதிக்குத்தான் லோன். பேங்க்ல கேட்ட எல்லாமே ஃபைல்ல இருந்தது, அப்பாவோட 2 வருஷ ரிட்டர்ன் தவிர. டீக்கடைக்கு எங்கே ரிட்டர்ன்? பான் கார்டே அந்த மாசம்தான் வாங்கினோம்.

"வருமானம் இருக்குன்னு எதை வச்சு நம்பறது?"ன்னார் சார். அப்பா சட்டைப் பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்து மேஜை மேல வச்சார். பால் எத்தனை லிட்டர், சிலிண்டர் எப்ப மாத்தினது, யார் எவ்வளவு கடன், எல்லாம் அதுல இருக்கும். ஓரமெல்லாம் டீக்கறை. சார் அதைக் கையால தொடலை. பேனா மூடியால ஒரே ஒரு பக்கத்தைத் திருப்பிப் பார்த்துட்டு, அதே மூடியால எங்க பக்கமா நகர்த்திவிட்டார். அப்பா நோட்டை வேட்டியில ஒரு தடவை துடைச்சுட்டுப் பையில வச்சுக்கிட்டார். அந்த மூடி இன்னும் கண்ணுல நிக்குது.

சேலத்துக்காரி:
எங்க கதை வேற மாதிரி. உதவித்தொகைக்கு வருமான உச்சவரம்பு 2.5 லட்சம். வழக்கம்போல இ-சேவையில போட்டு 72,000ன்னு வருமானச் சான்று வாங்கியாச்சு. (அதென்னமோ ஊர்ல பாதிப் பேருக்கு 72,000தான்!) அதையே பேங்குக்குக் கொண்டு போனா, "மாசம் 6,000 சம்பாதிக்கிறவர் எப்படிம்மா கடன் கட்டுவார்?" சித்தப்பா ஒரு ஆடிட்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் 4.6 லட்சம் காட்டி ரிட்டர்ன் போட வச்சார். லோன் ஓகே.

அடுத்த மாசம் காலேஜ் ஆபீஸ்ல கூப்பிட்டாங்க. அந்த அக்கா ரெண்டு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, சத்தமே இல்லாம கேட்டாங்க: "இதுல எதும்மா உங்க அப்பா?" எனக்கு வாயே வரலை. உதவித்தொகையை நானே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு வந்தேன்.

கணக்குப்பிள்ளை:
எனக்கும் நடந்திருக்கு. மாமா கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கினேன், அவ்வளவுதான். ஆனா டீக்கடைத் தம்பி, மேனேஜரை மட்டும் குறை சொல்லாதீங்க. அவருக்கு மேல ஆடிட் இருக்கு, நோட்டை வச்சு அவர் ஃபைல் எழுத முடியாது.

இனிமே போறவங்களுக்காகச் சொல்றேன். வருமானம் வரி விலக்கு வரம்புக்குள்ள இருந்தா பொதுவா ரிட்டர்ன் போட வேண்டிய கட்டாயமே இல்லை. ஆனாலும் போட்டு வைங்க, கடைசி நேரத்துல அலைய வேண்டாம். கெடுத் தேதியைத் தவறவிட்டா டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம். வருமானம் விலக்கு வரம்பைத் தாண்டி 5 லட்சத்துக்குள்ளன்னா அபராதம் 1,000, தாண்டினா 5,000. அதுவும் போச்சுன்னா ஐடிஆர்-யூன்னு, பழைய வருஷத்துக்குப் போடற ரிட்டர்ன் இருக்கு. 2025லேர்ந்து 4 வருஷம் வரை பின்னோக்கிப் போடலாம், ஆனா கட்ட வேண்டிய வரிக்கு மேல 25லேர்ந்து 70 சதவீதம் வரை கூடுதலா கேப்பாங்க. ஒரு வருஷ ரிட்டர்னைக் கூட்டிக் காட்டி ஏமாத்தலாம்னு நினைக்காதீங்க, சேலத்தம்மா கதையைப் பார்த்தீங்கல்ல. 4 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு. வித்யாலக்ஷ்மி போர்ட்டல் வழியா போடுங்க, மறுத்தா காரணத்தை எழுத்துல கேளுங்க. கடன் கட்ட ஆரம்பிச்சதும் வட்டிக்கு வருமான வரியில கழிவு உண்டு, பழைய வரி முறையில மட்டும்.

சேலத்துக்காரி:
ஏமாத்தினதா யார் சொன்னது? 4.6 லட்சம்தான் நிஜம். 72,000தான் பொய். அதை எழுதிக் கொடுத்தது நாங்க இல்லை.

ஜெர்சி அக்கா:
இங்கே அமெரிக்காவிலும் இதே பாடுதான். படிப்பு உதவிக்குப் போடற ஃபாஃப்ஸா ஃபார்ம்ல 2024-25லேர்ந்து அப்பா அம்மா ரிட்டர்ன் போட்டாலும் போடாவிட்டாலும் ஐஆர்எஸ்லேர்ந்து (இங்கத்த வரித்துறை) விவரத்தை எடுக்கச் சம்மதம் கொடுத்தே ஆகணும். கொடுக்கலைன்னா பிள்ளைக்கு ஃபெடரல் உதவி ஒரு சென்ட் கிடையாது. என் தங்கச்சி வீட்டுக்காரர் 2 வருஷம் கடை நடத்திட்டு ரிட்டர்னே போடலை. அந்தப் பட்டன் வந்ததும் லேப்டாப்பை மூடிட்டார். "அழுத்தினா வீட்டுக்கே வந்துடுவாங்க." பிள்ளை பக்கத்துல நின்னுக்கிட்டு மூடின லேப்டாப்பையே பார்த்துட்டு இருந்தான். காலேஜ்லேயும் ஒரே பதில்: போட வேண்டியவர் முதல்ல போடட்டும், அப்புறம் பேசலாம். கடைசியில போட்டார், பிள்ளை ஒரு செமஸ்டர் தள்ளித்தான் சேர்ந்தான்.

கணக்குப்பிள்ளை:
அக்கா, அது வேற ஊர்ச் சட்டம். இங்கே குழப்பாதீங்க.

ஜெர்சி அக்கா:
தலைப்புல ஊர் பேர் இல்லையே தம்பி.

டீக்கடைப் பையன்:
கணக்குப்பிள்ளை அண்ணா, ரிட்டர்ன் எப்படிப் போடறதுன்னு நான் கேட்கவே இல்லையே. ஆடிட் இருக்கட்டும். கையால திருப்பியிருக்கலாம்னுதான் சொன்னேன்.

நேத்து ஊருக்குப் போனப்ப அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். அந்தத் தேதியில அப்பா கணக்கு எழுதியிருக்கார்: பேங்க், பஸ் 36, ஜெராக்ஸ் 14. கீழே, கடை லீவு.