கரண்ட் வந்தது, லாகின் ஆகவில்லை

மதுரைக்குப் பக்கத்து ஒத்தக்கடையில் வயர்லெஸ் நெட் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் நான்கு வருடம் வேலை பார்த்தேன். டவுனிலிருந்து வரும் லிங்க்குக்கு யானைமலை குறுக்கே படுத்திருக்கும், அந்தப் பாறையைத் தாண்டி சிக்னல் போகாது. அதனால் மலையைச் சுற்றிக் கொண்டுபோய் மூன்று டவர் போட்டிருந்தோம்.

ஆரம்பத்தில் யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அந்தந்த டவர் ரூட்டரிலேயே இருந்தது. ஒருவர் பணம் கட்டவில்லையென்றால் அவர் எந்த டவர் என்று தேட வேண்டும், வீடு மாறினால் இங்கே அழித்து அங்கே ஏற்ற வேண்டும். நூறு வீடு தாண்டியதும் முடியவில்லை. அப்புறம்தான் எல்லா யூசர்நேம், பாஸ்வேர்டையும் ஒரே இடத்தில் வைத்துச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரை ஆபீஸில் வைத்தோம். வீட்டு ரூட்டர் பிபிபிஓஇ-யில் (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து நெட்டில் சேரும் முறை) லாகின் கேட்கும், டவர் ரூட்டர் அதை 1812 போர்ட்டில் சர்வருக்கு அனுப்பும், சர்வர் அனுமதியோடு ஸ்பீடையும் சேர்த்துச் சொல்லும். யார் வந்தார், போனார் என்ற கணக்கு 1813-இல் தனி. பக்கத்து வீட்டுக்குப் பாஸ்வேர்டு கொடுப்பதைத் தடுக்க, ஒரு பெயருக்கு ஒரே நேரத்தில் ஒரு செஷன்தான், அதாவது ஒரு இணைப்புதான், என்றும் கட்டுப்பாடு வைத்தோம்.

ஒரு சித்திரை மாத மழையில் டவருக்குக் கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்துவிட்டது. கரண்ட் வந்த பிறகு அந்த டவரில் ஒருவர்கூட உள்ளே வர முடியவில்லை. இ-சேவை மையம் வைத்திருந்த அக்கா, "தம்பி, பத்துப் பேரு உட்காந்திருக்காங்கப்பா" என்று மூன்று முறை போன் செய்தார். பாஸ்வேர்டு சரி, சிக்னல் சரி. லாக்கைப் பார்த்தால், எல்லோரும் ஏற்கெனவே உள்ளே இருப்பதாகச் சர்வர் சொல்கிறது. டவர் திடீரென்று செத்ததால் 'இவர் போய்விட்டார்' என்ற தகவலை அது அனுப்பவே இல்லை, பழைய செஷன் எல்லாம் திறந்தபடியே கிடந்தது.

அன்றைக்குக் கையால் மூடினேன். மறுநாள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டவர் கணக்கு அனுப்பும்படி வைத்து, பதினைந்து நிமிடம் சத்தம் இல்லாத செஷனைச் சர்வரே மூடும்படி எழுதினேன். ஒரு செஷன் கட்டுப்பாடு வைப்பவர்கள் தயவுசெய்து இதை முதல் நாளே செய்துவிடுங்கள், அந்த அக்காவின் குரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

*

அண்ணே, எங்களுக்குச் சோழவந்தான் பக்கம் வேறு மாதிரி. காற்று அடித்தால் மட்டும் லாகின் ஆகாது, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு நெட் மெதுவாக ஓடும். சர்வர் பதில் தரவில்லை என்றே லாக்கில் வரும், நாங்களும் சர்வரை மாற்றிப் பார்த்தோம். கடைசியில் பார்த்தால் நடுவில் இருந்த தென்னந்தோப்பு. எட்டு கிலோமீட்டர் லிங்க், 5.8 கிகாஹெர்ட்ஸ்; டிஷ்ஷும் டிஷ்ஷும் கண்ணுக்குத் தெரிந்தால் போதாது, நடுவில் அந்தக் கோட்டைச் சுற்றிச் சுமார் பத்து மீட்டர் வரை சிக்னலுக்கு இடம் வேண்டும். மூன்று வருடத்தில் மரம் வளர்ந்து மட்டை அதற்குள் வந்துவிட்டது. ரேடியஸ் யூடிபி-யில் (போய்ச் சேர்ந்ததா என்று தானாகப் பார்க்காத முறை) போவதால் பாக்கெட் தொலைந்தால் டவர் ரூட்டர்தான் திரும்பக் கேட்க வேண்டும், அதுவோ ஒரு விநாடிகூடக் காத்திருக்காமல் கைவிட்டுக்கொண்டிருந்தது. அந்தக் காத்திருக்கும் நேரத்தை மூன்று விநாடி ஆக்கினோம், இரண்டு பக்கமும் டிஷ்ஷை உயர்த்தினோம். ஆடிக் காற்றிலும் இப்போது நிற்கிறது.