வீங்கின பற்றரியை இன்னும் பாவிக்கலாமோ?

வெள்ளவத்தை அம்மா:
நாங்கள் நாலாம் மாடி. மகன்ர மின்சைக்கிள் பற்றரியை இரவில வாசலடியில சார்ஜில விட்டிட்டுப் படுக்கிறனாங்கள். நேற்றுப் பார்க்கேக்க ஒரு பக்கம் பொம்மி, மூடி விரிஞ்சு, திருகாணி ஒண்டு கழண்டு கிடக்கு. தொட்டால் சூடில்லை. பாவிக்கலாமோ?

மின்வேலைக்காரன்:
வேண்டாம் அக்கா. பொம்மினால் உள்ளுக்க வாயு சேர்ந்திட்டுது. இனிச் சார்ஜ் போடாதேங்கோ, அமத்தாதேங்கோ. பல்கனியில வெயில் படாத சீமெந்துத் தரையில, துணிமணி கிட்ட இல்லாமல் வையுங்கோ. வாசலடி ஒருநாளும் வேண்டாம். பத்தினால் நீங்கள் வெளியில ஓட இருக்கிறது அந்த ஒரு வழிதானே! புகை வந்தால் கதவைச் சாத்திப்போட்டு எல்லாரும் இறங்கி, தீயணைப்புப் படைக்கு, 110க்கு அடியுங்கோ.

தெஹிவளைத் தம்பி:
சார்ஜரைப் பார்த்தனீங்களோ? பற்றரிக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன மின்கலம்தான் செல்; ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. 36 வோல்ட் பற்றரியில 10 செல் வரிசை, அதுக்கு 42 வோல்ட் சார்ஜர்தான் சரி. பிளக் பொருந்துது எண்டதுக்காகக் கொழுவக்கூடாது.

வெள்ளவத்தை அம்மா:
பற்றரியில 36. சார்ஜரில 54.6 எண்டு போட்டிருக்கு. பழசு பழுதாப்போய்ப் போன மாதம் கடையில வேண்டினது. இப்பவே பல்கனிக்குக் கொண்டுபோறன்.