சிறு உலாவியில் ‘ஹேஸ்’ தேர்வி: தாய் உறுப்பு மாறாதது ஏன்?

காரைக்குடியிலிருந்து கேள்வி: நான் தனியாக எழுதிவரும் உலாவியில், உள்ளே இருப்பதை வைத்துத் தாய் உறுப்பின் தோற்றத்தை மாற்ற உதவும் சிஎஸ்எஸ் ‘ஹேஸ்’ (:has) தேர்வியைச் சேர்த்தேன், பக்கம் முதலில் சரியாகவே வருகிறது, ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் புதிய உறுப்பு ஒன்றை உள்ளே சேர்த்தால் தாய் உறுப்பின் தோற்றம் மாறுவதில்லை.

தேவகோட்டையிலிருந்து: பொருத்தம் பார்க்கும் பகுதி முடிந்துவிட்டது ஐயா, மறுகணக்கீடுதான் விடுபட்டிருக்கிறது. பெரும்பாலான தேர்விகளில் மாற்றத்தின் விளைவு நம் செட்டிநாட்டு வீடுகளைப் போல முகப்பிலிருந்து வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு என்று உள்நோக்கியே செல்லும். இதிலோ பின்கட்டில் நடந்ததை முகப்புக்குச் சொல்ல வேண்டும். ஆகவே ‘ஹேஸ்’ சோதிக்கப்பட்ட உறுப்புகளில் அடையாளம் இட்டுவைத்து, பக்கத்தின் உறுப்பு மரம் மாறும்போது மேலே ஏறிச் சென்று, அடையாளமுள்ள முன்னோர்களை மட்டும் மறுபடி கணக்கிடுங்கள். ஃபயர்பாக்ஸிலேயே ‘ஹேஸ்’ 2023 டிசம்பரில், 121ஆம் பதிப்பில்தான் வந்தது.

கானாடுகாத்தானிலிருந்து: ‘ஹேஸ்’ அடைப்புக்குள், பின்வரும் உடன்பிறப்பை (அதே தாயின் கீழுள்ள உறுப்பை) குறிக்கும் கூட்டல் குறியோ (+) அலைக்குறியோ (~) இருந்தால் முன்னோர் மட்டும் போதாது, முந்தைய உடன்பிறப்புகளையும் பார்க்க வேண்டும். ‘ஹேஸ்’ஸுக்குள் இன்னொரு ‘ஹேஸ்’ செல்லாது என்பதால் அதை, தேர்வியைப் படித்துப் பிரிக்கும் பாகுபடுத்தியிலேயே நிராகரித்துவிடுங்கள்.

காரைக்குடியிலிருந்து: அடையாளம் இட்டதும் தாய் உறுப்பு மாறுகிறது. உடன்பிறப்புகளை இன்றிரவு பார்க்கிறேன்.