மூக்கு குத்தியபோது வலித்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்

மலைக்கோட்டைக்காரி:

முப்பத்தொன்பது வயதில் மூக்கு குத்திக்கொண்டேன். பதின்மூன்று வயதிலேயே நடந்திருக்க வேண்டியது. பாட்டி பத்தரை வீட்டுக்கே வரவழைத்துவிட்டாள். நான் பரணில் ஏறி, வெண்கல அண்டாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பத்தர் ஒரு மணி நேரம் காத்திருந்து, காப்பி குடித்து, வந்ததற்குப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காது குத்திவிட்டுப் போய்விட்டார். அதன்பின் யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

இருபத்தாறு வருடம் கழித்து மனம் மாறியதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. போன பொங்கலுக்கு வந்திருந்த அண்ணன் மகள், ஒட்டும் பொட்டில் இருப்பதிலேயே சிறியதை எடுத்து என் மூக்கில் ஒட்டிவிட்டாள். விளையாட்டுக்குத்தான். இரவு முகம் கழுவும்போதுகூட அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் எந்தப் பக்கம் என்ற வழக்கு வந்தது. நம் பக்கம் வலது, வடநாட்டில் இடது என்றார் மாமியார். பக்கத்து வீட்டு அக்கா, இடது பக்கம் குத்தினால் பிரசவம் எளிதாகும் என்றார். இரண்டு பிள்ளைகளையும் அறுவை சிகிச்சையில் பெற்று முடித்தவளுக்கு அந்த லாபம் எதற்கு? எம்.எஸ். சுப்புலட்சுமியைப்போல இரண்டு பக்கமும் வைரம் போட்டுக்கொண்டால் வழக்கே இல்லை, ஆனால் அதற்கு மூக்கோடு பணமும் வேண்டும். நான் இடது பக்கம் ஒருக்களித்துத் தூங்குகிறவள். தலையணையில் அழுந்தாத பக்கம் வலது. அவ்வளவுதான் என் சாத்திரம்.

பெரிய கடை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் பத்தரின் பட்டறை. அறுபத்தைந்து வயது இருக்கும். பேனாவால் மூக்கில் ஒரு புள்ளி வைத்தார். "சிரியுங்கள் அம்மா" என்றார். சிரித்தேன். புள்ளியை அழித்துவிட்டு ஒரு நெல்லளவு மேலே வைத்தார். சிரிக்கும்போது மூக்கின் ஓரம் மடிகிறதே, அந்த மடிப்பில் விழுந்தால் கல் குனிந்துகொள்ளுமாம். மறுபடி சிரிக்கச் சொன்னார். மூன்றாவது புள்ளியில்தான் அவருக்குத் திருப்தி. இவ்வளவு பொறுமையாக என் முகத்தை வேறு யாரும் பார்த்ததாக நினைவில்லை.

கம்பி புதிதா என்று கேட்டேன். "உங்கள் கம்பி உங்களோடே வரப்போகிறது" என்று சிரித்தார். ஊசி வேறு, நகை வேறு இல்லை. கூராகத் தேய்த்த அந்தத் தங்கக் கம்பியாலேயே குத்தி, அதையே வளைத்து வளையமாக முறுக்கி விட்டுவிடுகிறார்கள். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் மூக்கையும் கம்பியையும் துடைத்தார். "வலிக்காது, எறும்பு கடித்த மாதிரிதான்." காது குத்துகிறார் என்று தெரிந்தேதான் மூக்கை நீட்டினேன்.

வலியைவிடச் சத்தம்தான் நினைவிருக்கிறது. குருத்தெலும்பில் கம்பி இறங்கும் "நறுக்". வெள்ளரிப் பிஞ்சைக் கடிப்பதுபோல, ஆனால் தலைக்குள்ளே கேட்கிறது. வலது கண்ணில் மட்டும் நீர் கொட்டியது. நான் அழவில்லை, மூக்கைச் சீண்டினால் அந்தப் பக்கத்துக் கண் தானாகவே கலங்கும். பிறகு வரிசையாக ஐந்து தும்மல்.

மொத்தமே ஒரு நிமிடம். வலித்ததா என்று எல்லோரும் கேட்பது இந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான். அதற்குப் பிந்தைய வாரங்களைப் பற்றி ஒருவரும் மூச்சு விடுவதில்லை. துவாலையின் நூல் கம்பியில் சிக்கும். நைட்டியைத் தலைவழியாகக் கழற்றும்போது மூக்கும் கூடவே வரும். குழந்தையை முத்தமிடப் போனால் அவன் நெற்றி சரியாக அங்கேதான் முட்டும். மூன்றாம் நாள் மூக்கு இலந்தைப் பழமாகிவிட்டது. மாமியார் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துக் கொண்டுவந்தார். மறுக்க மனமில்லாமல் ஒருநாள் தடவினேன். எண்ணெயில் தூசு ஒட்டிப் பொருக்குக் கட்டியதுதான் மிச்சம். பிறகு மருந்துக்கடையில் 0.9 சதவீத உப்புநீர் வாங்கி, காலையும் மாலையும் பஞ்சில் நனைத்து ஒற்றினேன். அதோடு சரி, திருகுவது, நோண்டுவது எதுவும் இல்லை. வீக்கம் வடிந்தது.

ஆறாவது வாரம் வெளியே பார்க்க ஆறிவிட்டதுபோல் இருந்ததால், கம்பியைக் கழற்றி ஒற்றைக்கல் மூக்குத்தி போட்டுக்கொண்டேன். அது என் அவசரம். அடுத்த நாளே குளியலறையில் ஒரு தும்மல், திருகாணியைக் காணவில்லை. மீதியைப் பிறகு சொல்கிறேன். உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

இரவுப்பணி:

நான் செவிலியர். அறுவை அரங்குக்கு அனுப்புமுன் நோயாளியின் நகைகளைக் கழற்றுவது என் வேலை. தாலிக்கயிறு, வளையல், மெட்டி எல்லாம் வந்துவிடும். மூக்குத்தியோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

எழுபது வயதுப் பாட்டி ஒருவர், ஏழுகல் மூக்குத்தி. கல்யாணத்துக்குப் போட்டது, ஒருநாளும் கழற்றியதில்லை என்றார். சோப்பு நீர் விட்டோம், எண்ணெய் விட்டோம். திருகாணி சதையோடு ஒன்றிப்போயிருந்தது. மின்சாரத்தால் இரத்தக் குழாயைச் சுடும் கருவியைப் பயன்படுத்தும்போது உடலில் உலோகம் இருந்தால் அந்த இடம் சுட்டுவிட வாய்ப்புண்டு. மயக்க மருந்துக்குக் குழாய் செலுத்தும்போது மூக்குத்தி கழன்று விழுந்தால் மூச்சுக்குழாய்க்குள்ளேயே போய்விடலாம். அதனால்தான் இவ்வளவு பாடு. கடைசியில் மருத்துவரைக் கேட்டு, மேலே பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினோம்.

இன்னொரு அம்மாவுக்குக் கழன்றுவிட்டது. வயிற்றில் அறுவை சிகிச்சை. அவருக்கு அந்தக் கவலையே இல்லை. "ஓட்டை மூடிவிடுமே கண்ணு, ஒரு விளக்குமாற்றுக் குச்சி கொடேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். குச்சி தர முடியாது. பல வருட ஓட்டை ஒரு நாளில் தூர்ந்துவிடாது என்று சொல்லித்தான் உள்ளே அனுப்பினேன். புதிதாகக் குத்தியவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன், அது சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது திருகாணியைத் தளர்த்திச் சுத்தம் செய்யுங்கள். எங்கள் புண்ணியத்துக்காக.

பல்லாவரம்:

என் கதை வேறு. கல்லூரி முடித்த வருடம், தோழியோடு ஒரு கடைக்குப் போனேன். கடையின் பெயர் வேண்டாம். துப்பாக்கி போன்ற கருவியை மூக்கில் வைத்து, "அசையாதீர்கள்" என்று சொல்லி முடிப்பதற்குள் அழுத்திவிட்டார்கள். அந்தக் கருவி காது மடலுக்காகச் செய்தது. மடல் வெறும் சதை. மூக்கின் குருத்தெலும்பை அது துளைப்பதில்லை, மொண்ணையான தண்டை வேகத்தால் உள்ளே இடித்துத் தள்ளுகிறது. கருவியில் பிளாஸ்டிக் பாகங்கள் இருந்தால் கொதிநீராவியில் வைத்துக் கிருமி நீக்கவும் வழியில்லை. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது.

தண்டு குட்டை. மூக்கு வீங்கியதும் உட்பக்கத்துப் பூட்டு சதைக்குள் புதைந்துவிட்டது. ஐந்தாம் நாள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் எடுத்தேன். அவர் திட்டவில்லை, "இந்த மாதத்தில் நீங்கள் மூன்றாவது" என்றார். அதுவே போதுமானதாக இருந்தது.

எட்டு மாதம் கழித்து, உள்ளீடற்ற ஊசியால் குத்துகிற ஒருவரிடம் போனேன். கண்முன்னே உறையைப் பிரித்தார். வீக்கத்துக்கு இடம்விட்டு, நீளமான தண்டுள்ள டைட்டேனியம் மூக்குத்தியைப் போட்டார். விலை குறைந்த கலப்பு உலோகத்தில் நிக்கல் இருக்கும், எனக்கு அது ஒத்துக்கொள்ளாது என்பதும் அன்றுதான் புரிந்தது. இடையில் ஒருமுறை ஓட்டையின் ஓரத்தில் கடுகளவு சிவப்புக் கட்டி வந்தது. கெலாய்டு (தடித்து வளரும் தழும்பு) என்று நினைத்து இரண்டு இரவு தூங்கவில்லை. உரசலால் வந்த கட்டிதான். கை வைக்காமல் விட்டதும் ஒரு மாதத்தில் போய்விட்டது. குடும்பத்தில் யாருக்காவது தழும்பு தடித்து வளரும் இயல்பு இருந்தால் மட்டும் முன்கூட்டியே தோல் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

குமரிமுனை:

எனக்கு ஏழு வயதில் குத்தினார்கள். நான் அழுதபோது அம்மாச்சி பகவதி அம்மன் கதையைச் சொன்னார். அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நம்பிக் கப்பல்கள் பாறையில் மோதினவாம். அதனால்தான் கோயிலின் கிழக்கு வாசலை வருடத்தில் சில நாள் தவிர மூடியே வைத்திருக்கிறார்களாம். அன்று இரவு முழுக்க நான் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பாமல் படுத்திருந்தேன். மீனுக்குப் போயிருந்த அப்பாவின் படகு மோதிவிடக் கூடாதே!

மலைக்கோட்டைக்காரி:

பல்லாவரம் தோழி, உங்கள் அனுபவத்தைப் படித்த பிறகு பத்தர் சந்துக்கு நடந்து போனதற்கு என் கால்களுக்கு நன்றி சொன்னேன். ஆனாலும் ஒன்று. பத்தரிடம் கை நிதானம் இருந்தது, கையுறை இல்லை. இன்னொருமுறை குத்துவதாக இருந்தால் இரண்டும் உள்ள இடமாகத் தேடுவேன்.

திருகாணிக்கு வருகிறேன். குளியலறைத் தரையைக் கைப்பேசி வெளிச்சத்தில் துழாவினேன். சாக்கடைச் சல்லடையைக் கழற்றிக் கழுவினேன். வீட்டுக்காரர் வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார். கிடைக்கவில்லை. பிடிப்பில்லாத மூக்குத்தியும் நழுவி விழுந்தது. ஓட்டை மூடிவிடுமோ என்ற பயத்தில், மாமியார் வேப்பங்குச்சியைச் சீவிக்கொண்டு வந்துவிட்டார். பச்சைக் குச்சியை ஆறாத புண்ணில் செருக எனக்குத் துணிவில்லை. பழைய கம்பியைக் கொதிநீரில் போட்டெடுத்து, கண்ணாடி முன் பத்து நிமிடம் போராடி மாட்டிக்கொண்டேன். முதல்முறை குத்தியதைவிட அதுதான் வலித்தது.

மறுநாள் காலை மூக்கைச் சிந்தினேன். கைக்குட்டையில் திருகாணி. இரவெல்லாம் உள்ளேயேதான் இருந்திருக்கிறது.

பத்தரிடம் கொண்டுபோனேன். வெளித்தோல் ஆறினாலும் உள்ளே முழுதாக ஆற நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும், அதற்குள் என்ன அவசரம் என்று கடிந்துகொண்டார். ஆறாம் மாதம் அவரே மாட்டிவிட்டார். தண்டில் மெல்லிய நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் திருகாணியை ஏற்றினார். அதன்பின் எத்தனையோ தும்மல் போட்டாயிற்று, அசையவில்லை.

இப்போது அண்ணன் மகள் தனக்கும் குத்த வேண்டும் என்று நிற்கிறாள். பொட்டு ஒட்டியது அவள்தான் என்று நான் எவ்வளவு சொல்லியும், அண்ணி ஒரு வாரமாக என் தொலைபேசியை எடுப்பதில்லை.