நீட்டிய தண்ணீரைக் குடிக்காமல் வந்த நாள்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

ரங்கூன்வாசி:
நர்கிஸ் புயல் அடித்த 2008 மே மாதத்தின் கடைசி வாரத்தில், எங்கள் கோயில் இளைஞர்கள் அரிசி, புட்டித் தண்ணீர், இறைக்கும் பம்பு ஆகியவற்றுடன் படகேறி, பர்மாவின் ஐராவதி டெல்டாவிலுள்ள பொகலேவுக்குத் தெற்கே ஒரு சிற்றூருக்குச் சென்றோம். டெல்டா ஊர்களில் குடிப்பதற்கென்று தனிக்குளம் இருப்பதையும், அதை வேலியிட்டுக் காத்து, ஒருவரும் கால் நனைக்க விடமாட்டார்கள் என்பதையும் இங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குளத்துக்குள்தான் கடல் புகுந்திருந்தது. மூன்று வாரமாக அதில் எருமைகள் மிதந்திருக்கின்றன. அவற்றை இழுத்து அகற்றி, நீரை இறைத்துக் கொட்டி, மழைக்காலம் வலுக்கும் முன் குளத்தை வெறுமையாக்குவதே எங்கள் வேலை.

இரண்டாம் நாள் பிற்பகல், வீடு இருந்த இடத்தில் அதன் மரக்கால்கள் மட்டுமே மிஞ்சியிருந்த ஒரு மூதாட்டி, தார்ப்பாயில் விழுந்த மழைநீரைச் சேர்த்து வைத்திருந்த பானையிலிருந்து ஓர் அலுமினியக் கோப்பையில் முகந்து, வலக்கையால் நீட்டி, இடக்கையால் முழங்கையைத் தாங்கிப் பிடித்தபடி என் முன் நின்றார். வழிப்போக்கருக்கென்று வாசலில் பானை வைப்பது பர்மியர் அறம். நம் தண்ணீர்ப்பந்தல் கோடையோடு பிரிக்கப்பட்டுவிடும். அவர்கள் பானை ஆண்டு முழுவதும் நிற்கும். நான் தாகமில்லை என்றேன். என் தோள்பையிலிருந்து புட்டியின் மூடி வெளியே தெரிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கோப்பையிலிருந்த நீரைத் தரையில் ஊற்றாமல், ஒரு சொட்டும் சிந்தாமல், மறுபடி பானைக்குள் ஊற்றினார். இத்தனை ஆண்டுகள் கழிந்தும் அந்த நீர் பானைக்குள் விழுந்த ஓசை எனக்குக் கேட்கிறது.

மோல்மேன் வாசகர்:
ரங்கூன் நண்பர் குடிக்காமல் வந்ததில் பிழையே இல்லை என்பது என் கருத்து. வெளியூரிலிருந்து உதவிக்குப் போனவர் வயிற்றுப்போக்கில் படுத்தால் அந்த ஊருக்கு இன்னொரு நோயாளிதான் மிச்சம். ஆனால் குளத்தை இறைத்ததைப் பற்றி எனக்கு ஐயமுண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் நல்லெண்ணத்துடன் கிணறுகளை அளவுக்கு மீறி இறைத்தபோது, அடியிலிருந்து உப்புநீர் மேலேறி, கிணறுகள் தேறுவதற்கு எடுத்த காலம் நீண்டுபோனது. கடலோரத்தில் இறைப்பதற்கு முன் யோசிக்க வேண்டும்.

என் அனுபவம் சிறியது. அதே நர்கிஸ் சமயத்தில் டெல்டாவிலிருந்து தப்பி வந்து எங்கள் வீட்டில் தங்கிய அத்தை, நாங்கள் கொடுத்த குளோரின் மாத்திரை போட்ட நீரை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது மருந்து, தண்ணீர் இல்லை" என்று கீழே வைத்துவிட்டு, ஆற்று நீரில் படிகாரத்தைச் சுழற்றிக் குடித்தார். அன்றிரவே அவருக்குப் பேதி தொடங்கியது.

ஆகவே சொல்கிறேன்: படிகாரம் சேற்றைப் படிய வைக்குமே தவிர, கிருமியைக் கொல்லும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. கலங்கிய நீரில் நேரடியாக மாத்திரை போட்டால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். எனவே முதலில் படிகாரத்தால் தெளிய வைத்து, துணியில் வடிகட்டி, அதன் பிறகு மாத்திரையிட்டு 30 நிமிடமாவது மூடி வைக்க வேண்டும். வாடை பிடிக்காதவர்கள், பாத்திரத்தைச் சற்று நேரம் திறந்து வைத்தால் அது குறையும். விறகு கிடைத்தால் கொப்பளிக்கக் கொதித்தபின் ஒரு நிமிடம் விடுவதே போதும். ஆனால் உப்பேறிய நீரைக் கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது; இன்னும் கூடவே செய்யும். டெல்டாவின் ஆழ்குழாய்க் கிணறு சிலவற்றில் ஆர்சனிக் என்னும் நஞ்சும் உண்டு. அதுவும் கொதியால் நீங்காது, கண்ணுக்கும் தெரியாது, சுவைக்கும் தெரியாது. ஒரு லிட்டரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. கிணறு போட்டுக் கொடுக்க நினைக்கும் கொடையாளர்கள் சோதனைக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். பெயர்ப்பலகைக்கு ஒதுக்குவதை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பேதி கண்டவருக்கு ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுத்துக்கொண்டே இருங்கள். அத்தை பிழைத்தது அதனால்தான்.

ரங்கூன்வாசி:
மோல்மேன் ஐயா, நீங்கள் சொல்வது கிணற்றுக்குப் பொருந்தும். நாங்கள் இறைத்தது களிமண் அடியுள்ள குளம், அது நிலத்தடி நீரால் அல்ல, மழையால் நிரம்புவது. ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுத்தான் பம்பை வைத்தோம். அந்த அம்மா தந்ததும் உப்புநீர் அன்று, மழைநீர். நோய்க்குப் பயந்து நான் குடிக்காமல் இருந்திருந்தால் அதைச் சொல்லியிருக்கலாம். தாகமில்லை என்று பொய் சொன்னேன். உறுத்துவது அதுதான்.

தட்டோன் ஆசிரியை:
உங்கள் இருவரின் வாதத்தைப் படித்தபோது, தண்ணீரை மறுத்த இன்னொருத்தியின் நினைவு வந்தது. எங்கள் கோயில் வளாகத்தில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். ஒரு பங்குனி மாதம், நல்ல வெயிலில், பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி காலையிலிருந்து மாலைவரை பானைப் பக்கமே போகவில்லை. உதடு வெடித்திருந்தது. நானே குவளையில் எடுத்துக் கொடுத்தபோது, வாங்கிப் பக்கத்துப் பிள்ளையிடம் தந்துவிட்டாள். தனியே கூப்பிட்டுக் கேட்டதற்கு, "குடித்தால் போக வேண்டியிருக்கும், டீச்சர்" என்று தலைகுனிந்தாள். அங்கிருந்த கழிப்பறையில் கதவுக்குப் பதில் ஒரு சாக்குப்படுதா தொங்கியது. மாதவிலக்கு நாட்களில் அவளைப் போன்ற பெரிய பிள்ளைகள் வகுப்புக்கே வருவதில்லை என்பதை நான் அதன் பிறகே கவனித்தேன். பானை நீரைக் கொதிக்க வைத்து ஆற்றிய நீர்தான் என்று அதுவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

பெரியவர்களிடம் நடையாய் நடந்து, மழைக்காலம் தொடங்கும் முன் மரக்கதவு வந்தது, கைகழுவ ஒரு தொட்டியும் சோப்பும் வந்தன. முதல் நாளே போய்ப் பார்த்தேன். தச்சர் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் மட்டும் அடித்திருந்தார். கடைத்தெருவில் இன்னொன்று வாங்கி வந்து, உட்பக்கம் நானே திருகினேன். அந்த வாரம் அவள் அரைக் குவளை குடித்தாள்.