டயஜெட்டிக் மியூசிக்: 'கதையுள் இசை' சரிப்படுமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

திரைக்கலைச் சொற்பட்டியலில் டயஜெட்டிக் மியூசிக் இன்னும் முடிவாகாமல் கிடக்கிறது. பாத்திரங்களின் காதிலும் விழும் இசை என்பது பொருள். கூடத்தில் வாசிக்கும் வாத்தியக்குழு, வானொலி, கிராமபோன், ஜூக்பாக்ஸ் எல்லாம் இதில் அடங்கும். பார்வையாளருக்கு மட்டும் கேட்பது நான்-டயஜெட்டிக். 'காட்சி இசை', 'கள இசை', 'அக இசை' என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றையும் ஒரே படத்தில் உரசிப் பார்க்கலாம்: இத்தாலிய இயக்குநர் எத்தோரே ஸ்கோலாவின் 'லெ பால்' (1983).

பிரான்சில் ஒரே ஒரு நடனக்கூடம். 1936-இன் மக்கள் முன்னணி என்ற இடதுசாரிக் கூட்டணியின் ஆட்சி, போர், ஜெர்மானியப் பிடியிலிருந்து விடுதலை, 1950-களின் ராக் அண்ட் ரோல், 1968 மே மாத மாணவர் கிளர்ச்சி, கடைசியில் டிஸ்கோ என எல்லாம் அதற்குள்ளேயே நடந்து முடிகின்றன. வசனம் கிடையாது. அதே நடிகர்களே காலத்துக்குக் காலம் வேறு ஆட்களாக வருகிறார்கள். பேச்சு இல்லாததால் பாட்டு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பாதிக் கதை இருக்கிறது. ஓர் உதாரணம்: பிரான்சில் பொது நடனங்களுக்கு 1940 மே மாதம் தடை வந்து, 1945 ஏப்ரல் வரை நீடித்தது. அந்தக் காலப்பகுதியில் ஒரு மெட்டு கேட்டால், அது வானொலியில் வருகிறதா, கூடத்தில் யாராவது வாசிக்கிறார்களா, இயக்குநர் பின்னால் சேர்த்ததா என்று பிரித்தாக வேண்டும். மூன்றுக்கும் அரசியல் வேறு.

இனி சொற்கள். 'காட்சி இசை' முதலிலேயே அடிபடுகிறது. காட்சிக்குப் போட்ட பின்னணி இசையையும் அப்படித்தான் சொல்வார்கள். மேலும் வாத்தியக்குழு திரையில் தெரியாமல், ஆடுகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும்போதும் அது இதே வகை இசைதான். 'அக இசை' என்றால் மனத்துக்குள் ஒலிப்பது என்று படும். பாத்திரத்தின் நினைவில் ஓடும் பாட்டுக்கு அந்தச் சொல் வேண்டியிருக்கும், அதற்கே விட்டுவிடுவோம். 'கள இசை' சுருக்கமானது, கதைக்களம் என்ற பழகிய சொல்லோடும் ஒட்டுகிறது. என் வாக்கு அதற்கே. ஆனால் 'களத்திசை' என்று சேர்த்து எழுதக் கூடாது, 'களத் திசை' என்று படித்துவிடுவார்கள்.

* * *

ஐயா,

'கள இசை' ஒலிப்பதிவுக்காரர்களிடம் செல்லாது. களப்பதிவு என்றால் படப்பிடிப்பு இடத்திலேயே பிடித்த ஒலி என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நாம் தேடும் சொல்லோ பதிவான இடத்தைக் குறிக்கவே கூடாது. கதைக்குள் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும்தான் குறிக்க வேண்டும். இவை இரண்டும் தனித்தனி விஷயங்கள்.

நடனப் படத்தில் இது கண்கூடு. பொதுவான நடைமுறை, இசையை ஸ்டுடியோவில் முதலிலேயே பதிந்து, தளத்தில் ஒலிபெருக்கியில் ஓடவிட்டு அதற்கு ஆடவைப்பது. அப்போதுதான் வெவ்வேறு கோணங்களில் எடுத்த துண்டுகளை ஒரே தாளத்தில் வெட்டி ஒட்ட முடியும். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) ஓடும் படத்தில் தட்டுக்குச் சரியாக 12 சட்டகம். தாளம் 119-ஆக இருந்தால் இந்த முழுக்கணக்கு வராது, வெட்டும் இடங்களில் அரைச் சட்டகம் வரை இடிக்கலாம். தளத்தில் ஒலிபெருக்கி அலறும்போது காலடி ஓசையைச் சுத்தமாகப் பிடிக்க வழியில்லை. அதைப் பிறகு ஃபோலியில்தான், அதாவது படத்தைப் பார்த்தபடி ஸ்டுடியோவில் ஓசைகளைச் செய்து பதியும் முறையில்தான், சேர்ப்பார்கள். ஆக, கதைப்படி கூடத்தில் வாசிக்கிற அக்கார்டியன் பதிவானது ஸ்டுடியோவில். அதைப் போய் 'கள இசை' என்றால் உதவி ஒலிப்பொறியாளர் தலையைச் சொறிவார்.

கதைக்குள் இருப்பதாக நம்பவைப்பது கலவை மேசையின் (மிக்சிங்) வேலை. கூடத்தின் எதிரொலியை ஏற்ற வேண்டும். வானொலியென்றால் ஒலியின் தாழ்ந்த அதிர்வெண்களையும் உயர்ந்த அதிர்வெண்களையும் வெட்டி, நடுப்பகுதியை மட்டும் விட வேண்டும். கதவு மூடினால் உயர்ந்த பகுதி மங்க வேண்டும். இதில் ஒன்றை மறந்தாலும் வாத்தியக்குழு கண்ணெதிரே வாசித்தாலும் பின்னணி இசை போலவே காதில் விழும். எதிரொலியைச் சிறிது சிறிதாக எடுத்துவிட்டால் கூடத்து இசை பின்னணி இசையாக நழுவிவிடும். இந்த நழுவலுக்கும் ஒரு சொல் தேவை.

என் பரிந்துரை: 'கதையுள் இசை'. கதையுள் ஒலி, கதையுள் பாடல், கதையுள் குரல் என்று தாராளமாக நீளும்.

* * *

இருவருக்கும் நன்றி.

'கதையுள் இசை' எனக்கும் உடன்பாடு. எதிர்ச்சொல்லில்தான் கவனம் வேண்டும். 'உள்' என்றதும் கை தானாக 'வெளி' என்று எழுதப் போகும். 'கதைவெளி இசை' என்றால் கதை நடக்கும் வெளி, அதாவது நேர் எதிர்ப்பொருள் வந்துவிடும். ஆகவே 'கதைப்புற இசை'.

'பின்னணி இசை' ஏற்கெனவே இருக்க அது எதற்கு என்று கேட்கலாம். பேச்சுவழக்கில் அதுவே இருக்கட்டும், யாரும் மாற்றப் போவதில்லை. ஆனால் பட்டியலில் அது ஆகாது. நம் சினிமாவில் 'பின்னணி' இரண்டு வேலை பார்க்கிறது. பின்னணிப் பாடகர் என்னும்போது திரைக்குப் பின்னாலிருந்து பாடுகிறவர், பின்னணி இசை என்னும்போது காட்சிக்கு அடியில் ஓடுவது. 'லெ பால்' பற்றி எழுதும்போது பின்னணிப் பாடல் என்று ஒருவர் எழுதினால் எந்தப் பின்னணி?

பிரெஞ்சிலும் ஒரே சொல் இல்லை. தத்துவ அறிஞர் எத்தியேன் சூரியோ 1950-களின் தொடக்கத்தில் டியேஜெஸ் (கதையுலகம்) என்பதைத் திரைப்பட ஆய்வுக்குக் கொண்டுவந்தார். திரை ஒலி ஆய்வாளர் மிஷெல் ஷியோன், கதைக்குள் கேட்பதைத் திரை இசை என்றும் வெளியே இருப்பதைக் குழி இசை என்றும் பிரித்தார். குழி என்பது ஓபரா அரங்கில் மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் அமரும் பள்ளம். அழகான சொல்தான், ஆனால் ஓபரா பழக்கமில்லாதவருக்கு அது வெறும் குழி.

கனவுப் பாடலை எங்கே வைப்பது? மலைச்சரிவில் இருவர் வாயசைக்கிறார்கள், நாற்பது வயலின் எங்கிருந்தோ வருகிறது. அது கதையுள்ளும் இல்லை, முழுக்கப் புறமும் இல்லை. அதற்கு 'வாயசைப்புப் பாடல்' என்று தனிவரி போட்டுவிடலாம்.

நழுவலுக்கு 'புறநகர்வு' என்று எழுதிப் பார்த்தேன், புறநகரப் பேருந்து நினைவுக்கு வருகிறது. 'இசைக்கடப்பு' எப்படி? கதையுள்ளிலிருந்து புறத்துக்கும் புறத்திலிருந்து உள்ளுக்கும் இருபக்கமும் பொருந்தும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். செவித்திறன் குறைந்தோருக்கான வசனவரியில் இதை எப்படிக் காட்டுவது என்பதும் பாக்கி. 'கூடத்தில் டாங்கோ வாசிக்கிறார்கள்', 'டாங்கோ ஒலிக்கிறது' என்று வினையை மாற்றினாலே வேறுபாடு தெரிந்துவிடும் என்பது என் எண்ணம். அங்கே கலைச்சொல் தேவையில்லை.